கூகுள் மேப்ல கடைய ஏத்தறப்ப பண்ணக்கூடாத தப்புங்க: சேலத்துல நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது

போன வெள்ளிக்கிழமை அம்மாபேட்டைல ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கற அக்கா ஒருத்தங்க கூப்பிட்டாங்க. கடை பேரப் போட்டுத் தேடினா பழைய நம்பரே வருது தம்பி, எப்படி மாத்தறதுன்னு கேட்டாங்க. எந்த மெயில்ல இருக்குதுக்கான்னு கேட்டேன். "அது நமக்கு போர்டு அடிச்சுக் கொடுத்த பையன் போட்டது தம்பி, அவன் மெயில்ல தான் இருக்கும்"னாங்க. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா இதே பதிலத்தான் நானும் ஒரு காலத்துல சொல்லிட்டு இருந்தேன். இந்த ரெண்டு மாசத்துல இதச் சொல்ற நாலாவது ஆள் இவங்க. அதான் உக்காந்து எழுதறேன்.

நான் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வெச்சிருக்கறவன். ரோட்டுல போர்டு பாத்து வர்றவங்க கம்மி, கரண்ட் போனதும் இருட்டுல போன எடுத்து தேடிக் கூப்பிடறவங்கதான் எனக்கு யாவாரம். அதனால மேப்ல கடை ஒழுங்கா தெரியறது எனக்கு சோறு போடற விஷயம். போட்டோ தெளிவா போடுங்க, ஸ்பெல்லிங் பாருங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

அடுத்தவங்க ஜிமெயில்ல உங்க கடை

2018ல நாலு ரோடு பக்கம் கடை போட்டப்ப, விசிட்டிங் கார்டு அடிக்கற எடத்துல ஒரு தம்பி "கூகுள்லயும் ஏத்திக் கொடுத்துடறேண்ணா"ன்னான். மேப்ல கடைய ஏத்தற கூகுளோட அந்த வசதிக்கு அப்ப கூகுள் மை பிசினஸ்னு பேரு, 2021லதான் பிசினஸ் ப்ரொஃபைல்னு மாத்தினாங்க. அவன் மெயில்லயே ஆரம்பிச்சான், நானும் நல்லதுன்னு விட்டுட்டேன். மூணு வருஷத்துல 140 ரிவ்யூ சேந்துச்சு, எல்லாம் பேட்டரி வாங்கினவங்க அவங்களா போட்டது. அப்புறம் வாடகை ஏத்திட்டாங்கன்னு கடைய கொண்டலாம்பட்டி பக்கம் மாத்தினேன், பழைய சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டேன், மேப்ல மாத்தலாம்னு போனா உள்ள போக முடியல. அந்த தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போய் நம்பரையும் மாத்திட்டான்.

இதோட நின்னிருந்தா பரவால்ல. நான் விட்ட நம்பர கம்பெனிக்காரன் வேற யாருக்கோ கொடுத்துட்டான். கோடைல கரண்ட் போகறப்பல்லாம் என் கஸ்டமருங்க அந்த மனுஷன் தூக்கத்தக் கெடுத்திருக்காங்க, அவரும் பொறுத்துப் பாத்துட்டு திட்ட ஆரம்பிச்சிருக்காரு. பேட்டரிக்காரன் இப்படியா பேசுவான்னு ஒரு ஸ்டார் ரிவ்யூ ரெண்டு விழுந்துச்சு. பழைய கடை ஷட்டர் சாத்தியிருக்கறதப் பாத்துட்டு யாரோ மேப்ல சொல்லிட்டாங்க போல, ஒரு நாள் பாக்கறேன், செவப்பு எழுத்துல 'நிரந்தரமாக மூடப்பட்டது'ன்னு நிக்குது. கடைல சரக்கு அடுக்கி வெச்சுட்டு நான் உக்காந்திருக்கேன், ஊருக்கே நான் கடைய மூடிட்டேன்னு சேதி போயிட்டு இருக்குது. ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும், பேட்டரிக்காரனுக்கு தீபாவளி மாதிரி இருக்க வேண்டிய மாசம், மதியம் மூணு மணிக்கு ஒரு போன் கூட வராது.

அதுக்கு நான் பண்ணின வேலைதான் இன்னும் மோசம். புதுசா இன்னொரு லிஸ்டிங் (மேப்ல கடைக்குன்னு இருக்கற பதிவு) ஆரம்பிச்சேன். இதத்தான் எல்லாரும் பண்றாங்க, இதப் பாத்தாத்தான் எனக்கு இன்னைக்கும் எரிச்சலா வருது. பழசுல இருக்கற 140 ரிவ்யூ புதுசுக்கு தானா வராது. ஒரே கடைக்கு ரெண்டு லிஸ்டிங் இருக்கறது கூகுளோட விதிக்கும் ஒத்து வராது. கடை எடம் மாறினா பழைய லிஸ்டிங்குலயே அட்ரஸ மாத்தணும், அப்பதான் ரிவ்யூ எல்லாம் கூடவே வரும்.

சரி, மெயில் கைல இல்லைன்னா என்ன வழி? உங்க சொந்த ஜிமெயில்ல லாகின் பண்ணிக்கிட்டு, பிசினஸ் ப்ரொஃபைல் பக்கத்துல கடை பேரத் தேடுங்க, வேற ஒருத்தர் வெச்சிருக்காருன்னு காட்டும், அங்கயே ஆக்சஸ், அதாவது உள்ள போய் மாத்தற உரிமை, கேக்கற பட்டன் இருக்கும். கேட்டதும் அந்த ஆளுக்கு மெயில் போகும், பதில் சொல்ல அவருக்கு 3 நாள் டைம். பதிலே வரலைன்னா நீங்களே உங்க கடைதான்னு நிரூபிச்சு வாங்கிக்கற வழி பெரும்பாலும் தெறக்கும். இப்பல்லாம் அதுக்கு வீடியோ கேக்கறாங்க: தெருவு, கடை போர்டு, உள்ள இருக்கற சரக்கு, நீங்கதான் நடத்தறீங்கன்னு தெரியற மாதிரி ஷட்டர சாவி போட்டுத் தெறக்கறது, எல்லாம் வெட்டாம ஒட்டாம ஒரே வீடியோவா எடுக்கணும். கைக்கு வந்தப்புறம் பழைய ஆள எடுக்கறது மாதிரி பெரிய மாத்தம் எதுவும் 7 நாளைக்குப் பண்ண முடியாது, பதறாதீங்க. எனக்கு அப்படித்தான் திரும்பக் கெடைச்சுது, 140 ரிவ்யூவும் பத்திரமா இருந்துச்சு. ஆனா அந்தக் கோடை போனது போனதுதான்.

வேலைக்கு ஆள் வெக்க வேண்டாம்னு சொல்லல. ஓனரா நீங்க இருங்க, அவங்கள மேனேஜரா சேருங்க. மேனேஜர் போட்டோ போடலாம், டைம் மாத்தலாம், ரிவ்யூவுக்கு பதில் எழுதலாம், ஆனா உங்கள வெளிய தள்ளவோ லிஸ்டிங்க அழிக்கவோ முடியாது.

பேருக்குள்ள ஊரையும் சரக்கையும் திணிக்கறது

அந்த ரெண்டாவது லிஸ்டிங்குக்கு நான் வெச்ச பேர்ல கடை பேரோட 'சேலம் பெஸ்ட் இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் கொண்டலாம்பட்டி'ன்னு வாலு நீண்டுக்கிட்டே போகும். பத்து நாள்ல கூகுள் அந்த லிஸ்டிங்க சஸ்பெண்ட் பண்ணிடுச்சு. போர்டுல என்ன பேரோ அதுதான் அங்கயும் இருக்கணும். பக்கத்துக் கடைக்காரன் அப்படி வெச்சு மேல வர்றானேன்னு தோணும், தோணட்டும்.

சரக்கச் சொல்ல கேட்டகரின்னு தனியா எடம் இருக்குது. முக்கியமானது ஒண்ணு, அதுக்கு மேல 9 சேக்கலாம். ஒம்பதையும் ரொப்பணும்னு ஒண்ணும் இல்ல, அந்த முதல் ஒண்ணு சரியா இருக்கணும். அக்கா கடைக்கு வெறும் 'துணிக்கடை'ன்னு போட்டு வெச்சிருந்தான் அந்தப் பையன். தையலத் தேடறவங்களுக்கு அது எப்படி வரும்?

ரிவ்யூ போட்டா தள்ளுபடி

கூடாது. கூகுளே தடை பண்ணியிருக்கு.

"கூகுள்ல இருந்து பேசறோம் சார்"

காசு கொடுத்தா மேப்ல முதல் எடம்னு சொல்லுவாங்க. காசு வாங்கிட்டு லோக்கல் ரிசல்ட்ல மேல ஏத்தறதில்லன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. விளம்பரம் வேற, அது விளம்பரம்னே போட்டு வரும். மத்தபடி வரிசைக்கு கூகுள் பாக்கறது மூணு: தேடினதுக்கும் உங்க கடைக்கும் பொருத்தம், தேடறவர் இருக்கற எடத்துல இருந்து தூரம், கடைய எத்தன பேருக்குத் தெரியும்ங்கறது. சூரமங்கலத்துல நின்னு தேடறவருக்கு அம்மாபேட்டை கடை முதல்ல வரலைன்னா அது உங்க தப்பு இல்ல. கடை உங்களதுதான்னு உறுதி பண்ண கூகுள் அனுப்பற வெரிஃபிகேஷன் நம்பர் வந்தா போன்ல கேக்கறவன் யாரா இருந்தாலும் சொல்லாதீங்க.

24 மணி நேரம்னு போடறது

தெறக்கற நேரத்த மட்டும் போடுங்க. ஆடிப் பண்டிகை, தீபாவளி, பொங்கலுக்குன்னு தனி நேரம் குறிக்க அதுலயே வசதி இருக்குது.

பழைய இலவச வெப்சைட் அட்ரஸ்

பிசினஸ் டாட் சைட்னு முடியறத 2024 மார்ச்லயே நிறுத்திட்டாங்க. கார்டுல, பில் புக்ல இன்னும் இருந்தா எடுத்துடுங்க.

மேப்ல எடத்தக் குத்திக் காட்டற பின் (pin) சரியா இருக்கான்னு பாக்காம விடறது

ஏற்காட்டுல தெரிஞ்சவர் ஒருத்தர் ரெண்டு ரூம் வெச்சு ஹோம்ஸ்டே நடத்தறாரு, காப்பித் தோட்டத்துக்குள்ள. அட்ரஸ டைப் பண்ணினதும் பின் தானா ஏரி பக்கம் போய் விழுந்திருக்கு, இவரும் ஓகே கொடுத்துட்டாரு. ராத்திரி எட்டு மணிக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொழந்தைங்க வாந்தி எடுத்துக்கிட்டு வந்த குடும்பம், ஏரியச் சுத்திச் சுத்தி வந்துட்டு, இவரக் கூப்பிட்டா தோட்டத்துக்குள்ள சிக்னல் இல்லாம, வேற லாட்ஜுக்குப் போயிட்டாங்க. அந்த மே மாசத்துல மட்டும் அப்படி மூணு குடும்பம். மலைல அட்ரஸ நம்பாதீங்க. வாசல் கேட்டுக்கு முன்னாடி போய் நின்னு, மேப்ப பெருசு பண்ணி, பின்ன கையால இழுத்து சரியா கேட்டு மேலயே வெய்யுங்க. அந்த கேட்ட போட்டோ எடுத்து லிஸ்டிங்குலயும் போடுங்க, பனில வர்றவங்களுக்கு அதுதான் அடையாளம். அந்த ஹோம்ஸ்டேக்காரர் இப்ப ரூம் புக் ஆனதுமே லொகேஷன வாட்சப்புல அனுப்பி, ஏறறதுக்கு முன்னாடி அடிவாரத்துலயே ரூட்ட டவுன்லோடு பண்ணிக்கச் சொல்றாரு.

அக்காவுக்கு திங்கக்கிழமை ஆக்சஸ் கேட்டு அனுப்பியாச்சு. அந்தப் பையன் இன்னும் பதில் போடல. வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாபேட்டை போறேன், அதுவரைக்கும் புதுசா எதையும் ஆரம்பிச்சுடாதீங்க, கடை சாவிய மட்டும் கைல வெச்சிருங்கக்கான்னு சொல்லியிருக்கேன்.