ரோமர்களின் காணிக்கை மாவு: நம் அடுப்பில் மோலா சல்சா செய்வது எப்படி

பழைய ரோமில் பலி கொடுக்கப் போகிற மாட்டின் தலையில் முதலில் கொஞ்சம் உப்பு மாவு தூவுவார்கள். அதுதான் மோலா சல்சா. அரசுச் சடங்குகளுக்கான மாவை அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் கோயிலில் இருந்த கன்னிப் பூசாரிகள்தான் செய்வார்கள், அதுவும் வருடத்தில் மூன்றே தடவை: பெப்ரவரி 15, ஜூன் 9, செப்டம்பர் 13. உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் படிக்கிற பிள்ளைகள் வகுப்பில் செய்து காட்டுவதற்கு இதைவிட மலிவான விஷயம் கிடையாது, தேவையான எல்லாம் நம் மலையகத்து ஹட்டன் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

அவர்கள் எடுத்தது எம்மர் என்கிற உமிக் கோதுமை. மே 7 முதல் 14 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூத்த பூசாரிகள் மூவர் கதிர்களைக் கூடையில் சேர்ப்பார்கள். நமக்கு முழுக் கோதுமை போதும். தயவு செய்து பாக்கெட் கோதுமை மாவை மட்டும் எடுக்காதீர்கள், ஏனென்றால் வறுக்காத தானியம் வழிபாட்டுக்குச் சுத்தமில்லை என்பது ரோமின் பழைய அரசன் நூமா வைத்த விதி என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார், தானியம் வறுக்கிற அடுப்புக்கென்றே பெப்ரவரியில் ஃபோர்னகாலியா என்று தனித் திருவிழாவும் இருந்தது.

சரி, வறுப்போம். கனத்த தாச்சியில் இரண்டு கைப்பிடி கோதுமை, மெல்லிய தீ. மிலாறு (காய்ந்த தேயிலைக் குச்சி) எரித்தால் தீ குபுகுபு என்று ஏறும், அதனால் தணல் விழுந்த பிறகு தாச்சியை வையுங்கள். கை ஓயாமல் கிளறுங்கள். மணி ஒவ்வொன்றாகப் படபடவென்று துள்ளி, நிறம் தேன் மாதிரி மாறி, கடித்தால் நொறுக்கென்று உடைய வேண்டும். ஆறியதும் உரலில் இடித்து அம்மியில் அரையுங்கள். ரவை பதம் போதும், மிக்சியில் மாவாக்கினால் தூவும்போது காற்றில் பறந்துவிடும்.

உப்புதான் நம் ஊரில் தொல்லை. மூடுபனிக் காலத்தில் டப்பாவுக்குள்ளேயே அது நீர் விட்டுவிடும். ரோமில் உப்பை உரலில் இடித்து, மண் பானையில் போட்டு, வாயை ஜிப்சம் பூசி அடைத்து, அடுப்பில் சுடுவார்கள். கெட்டியானதும் இரும்பு ரம்பத்தால் அறுப்பார்கள். நீங்கள் பானையை அடைக்காதீர்கள், ஈரம் ஆவியாகி வெடிக்கும். கல்லுப்பை இடித்துத் திறந்த சட்டியில் சுட்டாலே போதும். ரோமில் அறுத்த உப்பில் தண்ணீரும் விடுவார்கள், அது குழாய் வழி வந்ததாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. பீலித் தண்ணி (குழாய் மாதிரி வைத்த பீலி வழி விழுகிற ஊற்றுத் தண்ணி) சேருமா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான், பீலிக்கு மேலே ஊற்றிலேயே மொண்டுவிடுங்கள். தெளித்தால் மறுபடி காய வையுங்கள்.

அப்புறம் கலக்க வேண்டியதுதான். ஒரு கப் மாவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு என்பது என் கணக்கு. பிசையக் கூடாது, உலர்வாகவே இருக்கட்டும். மாவிளக்கு போலச் சாப்பிடுகிற பொருள் இல்லை இது.

மாடெல்லாம் வேண்டாம். ஆடு மாடு கொடுக்க வசதியில்லாத ரோமானிய வீடுகளில் தானியமும் உப்பும் மட்டுமே வீட்டுத் தெய்வங்களுக்குக் காணிக்கையாகப் போனது. ஒரு சிட்டிகை எடுத்துத் தணலில் போடுங்கள், உப்பு சடசடவென்று வெடிக்கும், முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 9 அன்று செய்வதாக இருந்தால் நம் பக்கம் தென்மேற்கு மழை, கோதுமையை முதல் நாளே அடுப்புப் பரணில் போட்டுவிடுங்கள். அன்றைக்கு ரோமில் மாவரைக்கிற கழுதைகளுக்கு ரொட்டி மாலை போட்டு ஓய்வு கொடுப்பார்கள். அம்மி அரைக்கிறவருக்கும் ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.