செயின் சா: பல்லைப் பார்க்காமல் எஞ்சினில் கை வைக்காதீர்கள்

மாடு வாங்கப் போகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். மரம் அறுக்கும் செயின் சா வாங்குகிறவர்களோ சி.சி. எவ்வளவு என்று கேட்பதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 50 முதல் 60 சி.சி. வரையிலான தொழில்முறை மெஷின்களை ஒப்பிடுவதிலும், பிறகு பட்டறையில் கொடுத்துச் சக்தி கூட்டுவதிலும் நடக்கும் தவறுகளில் பாதி இந்த அவசரத்திலிருந்தே பிறக்கின்றன.

அந்த சி.சி.யையே நம்ப முடியாது. ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் எம்.எஸ். 261 மெஷினில் சிலிண்டர் விட்டம் 44.7 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 32 மி.மீ. கணக்குப் போட்டால் 50.2 சி.சி. வருகிறது, நிறுவனம் சொல்வதும் அதுவே. ‘58’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு மெஷின்கள் பலவற்றில் இதே கணக்கைப் போட்டால் 54, 55க்கு மேல் தேறாது. எடையிலும் ஏமாறுகிறார்கள். 261க்கு 4.9 கிலோ, 59 சி.சி. கொண்ட எம்.எஸ். 362க்கு 5.6 கிலோ என்று அட்டையில் இருப்பது பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் பெட்ரோலும் சேராத எடை. அந்த 700 கிராமுக்குக் கிடைப்பது அரை கிலோவாட். தரையில் கிடக்கும் அடிமரத்தை அறுக்கிறவருக்கு அது லாபம். கயிறு கட்டி மரத்தின் மேல் நிற்கிறவருக்குத் தோள்வலிதான் மிச்சம்.

அறுத்துக் காட்டி ஒப்பிடுவதில் இன்னும் பெரிய கூத்து. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னைத் தெருக்களில் சாய்த்த மரங்களில் குல்மொஹரும் பெருங்கொன்றையும் ஏராளம். குல்மொஹர் கத்தி பட்டதும் வழிவிடும். காய்ந்த புளியமரத்தின் வைரம் அப்படியல்ல. ஒரு மெஷினை இதிலும் மற்றொன்றை அதிலும் வைத்துப் பார்த்து ‘இந்த மெஷின்தான் வேகம்’ என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரே கட்டை, ஒரே நீளப் பார், அப்போதுதான் தீட்டிய ஒரே வகைச் செயின் என்று அமையாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது எஞ்சினையே அல்ல. பாரிமுனைக் கடைகளில் செயின் வாங்கும்போதும் பிட்ச் (இணைப்புகளின் இடைவெளி), பார் பள்ளத்தின் அகலம், இணைப்பு எண்ணிக்கை மூன்றையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். 0.325 அங்குலப் பிட்ச் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயினை ஓட்டும் பல்சக்கரத்தில், 3/8 அங்குலச் செயின் உட்காராது.

மாற்றம் என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது சைலன்சரில். துளையைப் பெரிதாக்கினால் புகை தாராளமாக வெளியேறும், காற்றும் அதிகமாக உள்ளே வரும். சக்தி கூடுவது உண்மைதான். ஆனால் கார்புரேட்டரை அதற்கேற்பத் திறக்காவிட்டால் கலவையில் பெட்ரோல் குறையும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறையும். மெஷின் முன்னெப்போதையும்விடச் சீறுகிறது என்று உரிமையாளர் பூரித்திருக்கும்போதே பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். சரியான கலவையைக் காதால் அறியலாம்: மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் விட்டால் குரல் லேசாகத் திக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். வெறுமனே ஓடும்போதே கணீரென்று கீச்சிட்டால் கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ‘எச்’ திருகைச் சற்றுத் திறந்துவிடுங்கள். காதை மட்டும் நம்பாமல் சுழற்சி வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டரும் வைத்துப் பார்ப்பது நல்லது. சைலன்சரில் இருக்கும் தீப்பொறி வலையைத் தூக்கி எறிவதும், குடியிருப்புத் தெருவில் காலை ஆறு மணிக்கு அந்த மெஷினைக் கிளப்புவதும் தனிக் குற்றங்கள்.

நீலகிரி எஸ்டேட்டிலிருந்து பழைய மெஷின் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார்கள். அதே திருகு நிலையில் கடல் மட்டத்திலுள்ள சென்னைக்குக் கொண்டுவந்து அறுத்தால், சைலன்சரைத் தொடாமலே மேற்சொன்ன கதை நடந்துவிடும். வாங்கும் முன் சைலன்சரைக் கழற்றி, துளை வழியே பிஸ்டனைப் பாருங்கள். நெடுக்குவாட்டில் கீறல் தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். எம்-ட்ரானிக், ஆட்டோ-டியூன் மெஷின்களில் கலவையைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு உண்டு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

சிலிண்டர் அடி பேக்கிங்கை எடுத்துவிட்டு அழுத்தம் கூட்டுவது அடுத்த ஆசை. பிஸ்டன் தலைக்கும் சிலிண்டருக்கும் இடையே ஈயக் கம்பியை விட்டு நசுக்கி அளக்காமல் இதைச் செய்யவே கூடாது. இடைவெளி 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் இரண்டும் மோதும் ஆபத்து உண்டு. லேத் வேலை தெரிந்தவர் எல்லோருக்கும் டூ-ஸ்ட்ரோக் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இத்தனை செலவையும் பல நேரங்களில் ஓர் அரம் மிச்சப்படுத்தியிருக்கும். 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், சாதாரணப் பல்லுக்கு 30 டிகிரி கோணம். மரத்தூள் மாவாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. சீவலாக விழ வேண்டும். ஆனால் பல்லுக்கு முன்னால் இருக்கும் ஆழத் தடுப்பை இஷ்டத்துக்கு ராவாதீர்கள். பெரும்பாலான செயின்களுக்கு, பல் முனையைவிட அந்தத் தடுப்பு 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். அதிகமாக ராவினால் பல் மரத்தை அளவுக்கு மீறிக் கடிக்கும். பார் முனையின் மேற்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். சக்தி கூட்டிய மெஷினில் அந்தத் துள்ளல் இன்னும் மோசம். இந்தத் தாழ்வை அளக்கும் கேஜ் ஒரு சிறு தகடுதான். அடுத்த செயின் வாங்கும்போது அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.