விக்கிப்பீடியாவில் படம், இணைப்பு, கோப்பு சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் தமிழ் விக்கிப்பீடியா பயிலரங்கு நடத்தப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொருவரும் தங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் ஒரு படமும் சில இணைப்புகளும் சேர்க்க வேண்டும். நான் வரிசைகளுக்கு இடையே நடந்து பார்த்துக்கொண்டே வந்தேன். புதிதில் நான் என்னென்ன தவறு செய்தேனோ அவை ஒன்று விடாமல் ஒவ்வொரு திரையிலும் நடந்துகொண்டிருந்தன. ஒருவரிடம் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் பதிவேற்றப் பொத்தானை அழுத்திவிடுகிறார். அன்று வாயால் சொல்ல நேரம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுத்துப்பிழை, அடைப்புக்குறியை மூட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது வந்து ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள்.

வேற்றுமை உருபோடு சேர்த்து இணைப்புக் கொடுப்பது

‘தமிழ்நாட்டில் உள்ள ஓர் ஊர்’ என்று எழுதிவிட்டு, முதல் சொல்லை அப்படியே [[தமிழ்நாட்டில்]] என்று இரட்டை அடைப்புக்குள் போடுகிறார்கள். இணைப்பு சிவப்பாகிவிடுகிறது. கட்டுரையின் தலைப்பு ‘தமிழ்நாடு’. ‘தமிழ்நாட்டில்’ என்று ஒரு கட்டுரை கிடையாது. [[தமிழ்நாடு|தமிழ்நாட்டில்]] என்று எழுத வேண்டும். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது கட்டுரையின் பெயர், வலப்பக்கம் இருப்பது வாசகர் கண்ணுக்குத் தெரிவது.

மதுரை போன்ற பெயர் என்றால் [[மதுரை]]யில் என்று உருபை வெளியே ஒட்டினாலே போதும். கோயம்புத்தூர் என்றால் ஒட்டாது. ‘ர்’ என்பது ‘ரி’ ஆகிவிடுவதால் நடுக்கோடு வேண்டும். கடைசி எழுத்து மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இது சின்ன விஷயம்தானே என்று விட முடியாததற்குக் காரணம் உண்டு. சிவப்பு இணைப்பைப் பார்த்ததும், கட்டுரை இல்லை போலிருக்கிறது என்று நினைத்து அதைச் சொடுக்கி, உருபோடேயே ஒரு புதுக் கட்டுரை தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம் அதைக் கண்டுபிடித்து நீக்க ஒரு நிர்வாகி நேரம் செலவழிக்க வேண்டும்.

‘இங்கே சொடுக்கவும்’

வேண்டாம். இணைப்பு போகும் இடத்தின் பெயரை எழுதுங்கள்.

முகவரியை அப்படியே ஒட்டுவது

தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் நிறைந்த நீளமான வால் வருவதைப் பார்த்திருப்பீர்கள். முகவரிகளில் பயன்படும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் பிடிக்கும். ஒவ்வொரு பைட்டையும் முகவரியில் மூன்று எழுத்தாக எழுதுகிறார்கள். ‘தமிழ்நாடு’ என்ற சொல்லில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து ஒன்பது குறிகள். ஆக, ஒரு சொல்லுக்கே 81 எழுத்து. இதைக் கையால் வெட்டிச் சுருக்கினால் இணைப்பு செத்துவிடும். விக்கிப்பீடியாவுக்குள்ளேயே ஒரு கட்டுரைக்கு இணைப்பு என்றால் முகவரியே தேவையில்லை, இரட்டை அடைப்பு போதும். வெளியே நண்பருக்கு அனுப்ப வேண்டுமானால் பக்கத்தின் கருவிகளில் குறுகிய முகவரி எடுக்கும் வசதி இருக்கிறது.

சொந்தமில்லாத படத்துக்குச் ‘சொந்தப் படைப்பு’ என்று குறியிடுவது

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

படங்களைப் பெரும்பாலும், எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான கோப்புக் களஞ்சியமாகிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுகிறோம். ஏற்றும்போது ஒரு கேள்வி வரும்: இது உங்கள் சொந்தப் படைப்பா, வேறொருவருடையதா? இரண்டாவதைத் தேர்ந்தால் மூலம் எது, எடுத்தவர் யார், என்ன உரிமம் என்று அடுத்தடுத்துக் கேட்கும். முதலாவதைத் தேர்ந்தால் சட்டென்று முடிந்துவிடும். அதனால் எல்லோரும் முதலாவதை அழுத்துகிறார்கள். அது வெறும் படிவக் கேள்வி இல்லை. ‘இதை எடுத்தவன் நான், இதை உலகத்துக்குக் கொடுக்கிறேன்’ என்று நாம் கொடுக்கும் வாக்கு.

பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கோயில் தேரின் படத்தை ஏற்றினேன். கும்பாபிஷேக மலரில் இருந்த படம், ஸ்கேன் செய்தவன் நான். அதனால் என் படைப்பு என்றே நம்பினேன். சில வாரம் கழித்து என் பேச்சுப் பக்கத்தில் நீக்கல் அறிவிப்பு வந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஊருக்கு நல்லது செய்தவனை இப்படிக் கேட்கலாமா என்று வாதாடினேன். அங்கிருந்த மூத்த பயனர் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இந்தப் படம் எடுக்கப்பட்டபோது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?” என்னிடம் பதில் இல்லை.

தேர்ப் படம் போனதோடு அது முடியவில்லை. ஒரு படத்தில் வாக்கு பொய்யானதும் நான் ஏற்றிய 18 படங்களும் சந்தேகத்துக்கு உள்ளாயின. அவற்றில் பெரும்பாலானவை உண்மையிலேயே நான் எடுத்தவை. ஆனால் இணையச் செலவுக்குப் பயந்து எல்லாவற்றையும் சுருக்கி ஏற்றியிருந்தேன். எந்தக் கேமரா, என்ன தேதி என்று படத்துக்குள் பதிவாகும் எக்சிஃப் தகவல் எதிலும் இல்லை. பழைய மெமரி கார்டில் தேடிப் பதினொரு படங்களின் முழு அளவு மூலத்தைக் காட்ட முடிந்தது. தேரையும் சேர்த்து மீதி ஏழும் நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று எங்கள் ஊர்ச் சத்திரத்தின் திண்ணை. அந்தக் கட்டடம் சாலை விரிவாக்கத்தில் போய்விட்டது. நீக்கிய கோப்பை நிர்வாகிகளால் மீட்க முடியும். ஆனால் எடுத்தவன் நான்தான் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது நினைத்தாலும் மனது கேட்பதில்லை.

அதனால்தான், அந்தக் குறியை யோசிக்காமல் அழுத்தும் விரலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. யார் கேட்டாலும் இவற்றைச் சொல்லிவிடுவேன்:

படத்தின் உரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கு. படத்தில் இருப்பவருக்கோ, தேடுபொறியில் கண்டுபிடித்தவருக்கோ, ஸ்கேன் செய்தவருக்கோ இல்லை. சுவரில் மாட்டிய படத்தைக் கைபேசியில் எடுத்தால் அது உங்கள் படம் ஆகிவிடாது. பேருந்து நிலையத்து ஃபிளெக்ஸ் பேனரும் அப்படித்தான், அந்த வடிவமைப்பு வேறொருவருடையது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையையும் கட்டடத்தையும் எடுக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே தலைவர் சிலையைத் தாராளமாக எடுங்கள், அதன் அருகில் கட்டிய பேனரை விட்டுவிடுங்கள்.

தாத்தாவின் ஸ்டுடியோ படம் என்ன ஆகும் என்று அன்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. தாத்தாவின் வாரிசுகள் அனுமதி தரலாம். அப்போதும் ‘சொந்தப் படைப்பு’ என்று போடக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். 1958-க்கு முன் எடுத்த ஒளிப்படங்களுக்கு எடுத்ததிலிருந்து 50 ஆண்டுதான் காப்பு. பொதுவகம் அமெரிக்கச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும். 1946-க்கு முந்திய படம் என்றால் பெரும்பாலும் சிக்கல் வராது.

“அவரிடம் கேட்டுவிட்டேன், விக்கிப்பீடியாவில் போட்டுக்கொள்ளச் சொன்னார்” என்பதும் போதாது. பொதுவகத்துக்கு வேண்டியது கட்டற்ற உரிமம். யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, விற்கவும் செய்யலாம் என்று படம் எடுத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற நிபந்தனை உள்ள உரிமம் அங்கே செல்லாது. அவர் ஒப்புக்கொண்டால், அதற்கென இருக்கும் அனுமதி மின்னஞ்சலை அவரே அனுப்ப வேண்டும்.

பயிலரங்கில் ஒரு மாணவர் தன் ஊர் ஏரியின் படத்தை ஏற்றப் போனார். கரையில் பனைமரம், தண்ணீருக்குள் அதன் நிழல், அருமையான படம். யார் எடுத்தது என்றேன். நண்பன் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டது என்றார். நண்பனையே அழைத்துக் கணக்குத் தொடங்கச் சொன்னோம், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தப் பையன் தன் கைபேசியிலிருந்தே முழு அளவுப் படத்தை ஏற்றிவிட்டான். பெரிதாக்கிப் பார்த்தால் பனையில் கட்டியிருந்த தூக்கணாங்குருவிக் கூடுகூடத் தெரிந்தது.

உங்கள் சொந்தப் படத்தையே கைபேசியிலிருந்து கணினிக்கு மாற்றும்போதும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எக்சிஃப் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு மாற்றுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

திரைப்படச் சுவரொட்டியைப் பொதுவகத்தில் ஏற்றுவது

கூடாது. தமிழ் விக்கிப்பீடியாவிலேயே, நியாயப் பயன்பாட்டுக் காரணத்தை (உரிமை பிறரிடம் இருந்தும் அனுமதியின்றி ஏன் பயன்படுத்துகிறோம் என்பதை) எழுதி, அந்தத் திரைப்படத்தைப் பற்றிய கட்டுரைக்கு மட்டும் ஏற்றலாம்.

செய்தி இணைப்பை நம்பி விட்டுவிடுவது

நாளிதழ் இணைப்பைச் சான்றாகக் கொடுக்கிறோம். தளத்தைப் புதுப்பிக்கிறார்கள், முகவரி மாறுகிறது, இணைப்பு வெறும் பக்கத்துக்குப் போகிறது. சான்று இல்லாத வரியை யாராவது நீக்கிவிடுகிறார்கள். இணைப்புக் கொடுக்கும் அன்றே அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, சேமித்த முகவரியையும் மேற்கோளில் சேருங்கள். இதழின் பெயர், தேதி, செய்தித் தலைப்பு மூன்றையும் எழுதிவையுங்கள். இணைப்பு செத்தாலும் நூலகத்தில் அந்தத் தேதி இதழைத் தேடிப் பிடிக்கலாம்.

ஏற்றுக்கொள்ளாத கோப்பு வகை

வேர்டு கோப்பு, எம்பி4 காணொளி இரண்டையும் பொதுவகம் வாங்காது. ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்குங்கள், காணொளியை வெப்எம் ஆக்குங்கள். ஒளிப்படத்துக்கு ஜேபிஜி. வரைபடத்துக்கு எஸ்விஜி நல்லது, எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது.

பிடிஎஃப் ஆக்கும் முன் எழுத்துருவையும் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத்தான் தெரியும், ஆனால் தேடினால் ஒரு சொல்கூடக் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

கோப்புப் பெயர்

கேமரா வைத்த எண்ணை அப்படியே விடாதீர்கள். ஊர், பொருள், ஆண்டு. தமிழிலேயே வைக்கலாம். விளக்கத்தில் வட்டமும் மாவட்டமும் இருக்கட்டும், ஒரே பெயரில் நமக்கு எத்தனையோ ஊர்கள்.