ஹேக் நகருக்குப் போர்க்குற்றத் தகவல் அனுப்பும் முன்

முதலில் அதிகார வரம்பு. ஹேக்கில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2002 ஜூலை 1-க்குப் பிந்தைய குற்றங்களையே விசாரிக்கும். குற்றம் உறுப்பு நாட்டு மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது செய்தவர் உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐ.நா. பாதுகாப்பு அவை பரிந்துரைக்க வேண்டும். அல்லது சம்பந்தப்பட்ட நாடே நீதிமன்ற அதிகாரத்தை ஏற்று அறிவிக்க வேண்டும். பல புகார்கள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இந்த நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தின் 15-ஆம் பிரிவின்படி தனிநபரும் வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பலாம். அதனாலேயே வழக்கு தொடங்கிவிடாது.

எளிதில் பாழாவது காணொளிதான். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி சுருக்கப்பட்டிருக்கும். எடுத்த நேரம், இடம் பற்றிய தரவு போயிருக்கும். எடுத்த போனிலிருந்தே மூலக்கோப்பை நகலெடுத்து, உடனே அதன் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு, 64 எழுத்து வரும்) தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு நொடியை வெட்டினாலும் மதிப்பு மாறிவிடும். கோப்பு யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

சாட்சியைத் திரும்பத் திரும்பப் பேச வைக்காதீர்கள்; சிறு முரண்பாடும் குறுக்கு விசாரணையில் பெரிதாகும்.

கொலை நடந்ததைக் காட்டுவது பாதி வேலைதான். தளபதி அறிந்தும் தடுக்கவில்லை, தண்டிக்கவில்லை என்று காட்ட உத்தரவுகள், பதவி வரிசை, வானொலி உரையாடல் பதிவுகள் வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நீதிமன்றத்துக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. பிடியாணை பிறந்தாலும் ஏதாவது ஒரு நாடுதான் ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.