"இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று விடாதீர்கள்: மார்கழித் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மார்கழியும் தையும் கை நிறையப் பறிக்கிற மாதங்கள். ஆடியில் ஊன்றிய அவரை பந்தலை மூடியிருக்கும். முள்ளங்கி, பீட்ரூட், காலிஃபிளவர் எல்லாம் ஒரே சமயத்தில் தயாராகும். அப்போது ஆசையால் ஒரு தவறு செய்கிறோம். "ரெண்டு நாள் போகட்டும், இன்னும் பெருக்கும்" என்று செடியிலேயே விட்டுவிடுகிறோம்.

முள்ளங்கியை 40, 45 நாளில் பிடுங்கிவிட வேண்டும். போன வருஷம் ஒரு தொட்டியை மட்டும் பொங்கலுக்கென்று விட்டுவைத்தேன். பார்க்க நல்ல பருமன். அரிவாள்மனையில் நறுக்கினால் நடுவில் வெள்ளைப் பஞ்சு. சாம்பாரில் எவ்வளவு கொதித்தும் சக்கையாகவே கிடந்தது. இன்னொன்று, பிடுங்கியதும் இலையைக் கிள்ளிவிடுங்கள். அப்படியே வைத்தால் கிழங்கின் ஈரத்தை இலை இழுத்துக்கொள்ளும். அந்த இலையை எறிய வேண்டாம், பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம். பீட்ரூட்டை முழுசாக வேகவைப்பதாக இருந்தால் காம்பை ஒட்ட வெட்டாதீர்கள். ஒரு அங்குலமாவது விட்டால்தான் சாயம் தண்ணீரில் இறங்காது.

நாட்டு அவரை பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். அதனால் இந்த இரண்டு மாதத்தை வீணாக்கக் கூடாது. காய் முற்றினால் கொடி தன் சத்தையெல்லாம் விதைக்கே கொடுக்கும், புதுப் பூ குறையும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருங்கள். காயைப் பிடித்து இழுத்தால் கொத்தோடு வந்துவிடும். அந்தக் கொத்தின் நுனியில்தான் அடுத்த பூக்கள் இருக்கின்றன. கத்தரிக்கோலால் காம்பை வெட்டுவது நல்லது. பனி காயும் முன் கொடிக்குள் கை விடவும் கூடாது. ஈர இலையைத் தொட்டு அடுத்ததைத் தொட்டால் நோய் பரவும். கவனிக்காமல் முற்றிப்போன காய் இருந்தால் தோலை விட்டுவிட்டு, விதையை மொச்சை மாதிரி குழம்பில் போடலாம். சீசன் முடியும்போது மட்டும் நாலு நல்ல காயைக் கொடியிலேயே காயவிடுங்கள், அடுத்த ஆடிக்கு விதையாகும்.

காலிஃபிளவரைப் பூ இறுக்கமாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். மருந்து அடிக்காத பூவில் புழு இருக்கத்தான் செய்யும். உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் வெளியே வந்துவிடும்.

சரி, அடுப்படிக்கு வருவோம். கடைக்காய்க்குப் பழகிய கை, காலையில் பறித்த காய்க்கும் அதே தண்ணீரை ஊற்றிக் குக்கரில் விசில் விடுகிறது. காய் குழைந்துபோகிறது. பிஞ்சு அவரைப் பொரியலுக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும். கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். கீரை மசிக்கும்போது மூடி போட்டால் பச்சை மங்கிவிடும், திறந்தே வேகவிடுங்கள். அவரைக்காய்ப் புளிக்குழம்பில் புளியை முதலிலேயே ஊற்றினால் காய் சீக்கிரம் வேகாது. எண்ணெயில் வதக்கி, கொஞ்சம் தண்ணீரில் வேகவிட்டு, விரலால் நசுக்கிப் பாருங்கள். நசுங்கினால் அப்புறம் புளியை ஊற்றலாம்.