ராத்திரி 11 மணிப் பசி: நாம் செய்யும் தவறுகள்

8 மணிக்கு ரெண்டு தோசையோடு கை கழுவியாச்சு. 11 மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுகிறோம். ஓசூரிலிருந்து அரூர் வரை நிறைய வீடுகளில் இதுதான் கதை.

அந்தப் பசி 11 மணிக்குத்தான் பிறந்தது என்று நினைப்பதே பெரிய தவறு. காலையில் டீயும் பன்னும், மதியம் அவசரமாக நாலு வாய், ராத்திரி ‘லைட்டாக’ ஏதோ ஒன்று என்று நாளை ஓட்டினால், பாக்கியை உடம்பு ராத்திரியில்தான் கேட்கும். முந்தின நாள் தூக்கமும் குறைந்திருந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். அப்போது யாருக்கும் கீரை ஞாபகம் வராது. நிப்பட்டு, காராசேவு, பிஸ்கட் என்றுதான் மனசு போகும். அதைத் தின்று தூக்கம் கெட்டால், மறுநாள் இன்னும் அதிகமாகக் கேட்கும்.

இதை 11 மணிக்கு வைராக்கியத்தால் சமாளிக்கப் பார்ப்பது வீண்வேலை. ராத்திரிச் சாப்பாட்டிலேயே சரிசெய்யலாம். ராகி விளைகிற கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இருந்துகொண்டு, களி என்றால் கௌரவக் குறைச்சல் என்று நாமே ஒதுக்கிவிட்டோம். ஏழரை மணிக்கு ஒரு உருண்டை களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுப் பாருங்கள். நார்ச்சத்து இருப்பதால் வயிறு சீக்கிரம் காலியாகாது.

அடுத்தது, சாப்பிட்ட கையோடு படுப்பது. ரெண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் நேராகப் பரோட்டா கடைக்குப் போகிறார்கள். சால்னாவில் ஊறிய பரோட்டா, மேலே ஒரு ஆம்லெட், அரை மணி நேரத்தில் படுக்கை. எண்ணெய்ச் சாப்பாடு வயிற்றில் வெகுநேரம் தங்கும். படுத்ததும் அமிலம் மேலே ஏறி நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், சிலருக்கு வறட்டு இருமல். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 2, 3 மணி நேர இடைவெளி வேண்டும். ஷிப்ட் ஆட்களுக்கு அது முடியாது, சரி. அவர்கள் வயிறார உண்பதை ஷிப்ட் இடைவேளையிலேயே முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ரெண்டு இட்லியோ கொஞ்சம் மோர்சாதமோ போதும் என்று வைத்துக்கொள்ளலாம். எரிச்சல் இருந்தால் இடது பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள்.

மாங்காய் சீசனில் இன்னொரு கூத்து: கிளிமூக்கைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, டிவி முன்னால் ஒரு தட்டு. நெஞ்செரிச்சல்காரர்களுக்கு அந்தப் புளிப்பும் காரமும் ராத்திரியில் ஆகாது. பகலில் தாராளமாகத் தின்னுங்கள்.

பசியை அமர்த்த டீ குடிப்பதும் வேண்டாம். உள்ளே போன காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 9 மணி டீயின் பாதி 2 மணிக்கும் உடம்பில் இருக்கும். கோலா, சாக்லேட்டிலும் காஃபின் உண்டு.

அதற்காகப் பட்டினியாகப் படுக்காதீர்கள், அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். நிஜமாகவே பசித்தால் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, இல்லையென்றால் ஒரு வாழைப்பழம். கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள். டப்பாவோடு உட்கார்ந்தால் அடி தெரிந்த பிறகுதான் எழுந்திருப்போம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ராத்திரி இனிப்பு கூடுதல் தொல்லை. தூக்க ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் நேரத்தில் இன்சுலின் சுரப்பு மந்தமாகும், அதனால் பகலில் தின்ற அதே மைசூர்பாகு ராத்திரியில் சர்க்கரையை இன்னும் ஏற்றலாம். ஆனால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு நடுராத்திரியில் வேர்த்து, கை நடுங்கி, பசித்தால் அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். அடக்கிக்கொண்டு படுக்கக் கூடாது. பரிசோதிக்கும் கருவி இருந்தால் உடனே பாருங்கள். சர்க்கரை இறங்கியிருந்தாலோ, கருவி இல்லாவிட்டாலோ மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, காலையில் டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.