ஆமோஸ் கேக்குற கேள்விய எப்படி படிக்கணும்

பைபிள்ல ஆமோஸ் தீர்க்கதரிசியோட புஸ்தகத்துல 3-ம் அதிகாரம், 3-ல இருந்து 8-ம் வசனம் வரைக்கும் சத்தமா படிங்க, ஒவ்வொரு கேள்விக்கும் வாய்விட்டு பதில் சொல்லிட்டே போங்க. இரை சிக்காம சிங்கம் கர்ஜிக்குமா? ம்ஹூம். கண்ணி வைக்காம குருவி மாட்டுமா? மாட்டாது. ஊருக்குள்ள எக்காளம் ஊதினா ஜனங்க பயப்படாம இருப்பாங்களா? இப்படி தலையாட்ட வச்சுட்டுத்தான் ஆமோஸ், ‘கர்த்தர் பேசிட்டாரு, இனி யாரு தீர்க்கதரிசனம் சொல்லாம இருப்பா’ன்னு கேக்குறாரு, அதுக்குள்ள நாம சிக்கிட்டோம்.

அப்புறம் யாரு யார்கிட்ட கேக்குறாங்கன்னு பாருங்க. யோபு 38-ல பூமிக்கு அஸ்திபாரம் போட்டப்போ நீ எங்க இருந்தேன்னு கடவுள் கேக்குறது வாயடைக்க. யோனா வேற ரகம், எனக்கு இதுதான் பெஸ்ட்: 1,20,000 பேருக்கு மேல இருக்குற நினிவே பட்டணத்துக்கு, அத்தன ஆடுமாட்டுக்கு நான் பரிதாபப்படக்கூடாதான்னு கடவுள் யோனாகிட்ட கேட்டதோட புஸ்தகமே முடிஞ்சிருது, யோனாவோட பதில் கிடையாது. அங்க உடனே அடுத்த புஸ்தகமான மீகாவுக்கு தாவாம நீங்க என்ன சொல்வீங்கன்னு யோசிங்க.